தமாசோ பாதிரியாருக்குக் கோழிக் கழுத்து

நம் முன்னாள் மாணவர் சங்க வாட்ஸ்அப் குழுவில் என்னை இன்னும் 'தமாசோ' என்று கூப்பிடுகிறவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். தமாஷ் பண்ணுகிறவன் என்பதால் வந்த பெயர் என்று ஜூனியர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம். இல்லை. அது 2012இல் பிலிப்பைன்ஸின் டாவோ நகரில், ரிசால் வகுப்பில் ஒட்டிக்கொண்டது.

மருத்துவம் படிக்கத்தான் பிலிப்பைன்ஸ் போனோம். அதற்கு முன் பி.எஸ். பயாலஜி முடிக்க வேண்டும் என்பது தெரியும். அதற்குள், அந்த நாட்டின் தேசிய வீரராகக் கொண்டாடப்படும் எழுத்தாளர் ஹொசே ரிசாலின் வாழ்வும் எழுத்தும் என்று 3 யூனிட் பாடம் ஒன்று உட்கார்ந்திருக்கும் என்று எங்களை அனுப்பிவைத்த ஏஜென்ட் சொல்லவே இல்லை. கெமிஸ்ட்ரிக்கே நாக்குத் தள்ளுகிற நேரத்தில் இது எதற்கு என்று முணுமுணுத்தோம். மேடம் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: சட்டம். 1956இல் வந்த குடியரசுச் சட்டம் 1425. அரசுக் கல்லூரியோ தனியார் கல்லூரியோ, ரிசாலைச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும்.

அதுவும் லேசில் வந்த சட்டமில்லை. செனட்டர் கிளாரோ ரெக்டோ முன்னின்று கொண்டுவந்த மசோதாவைக் கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. ரிசாலின் இரண்டு நாவல்களும், அதாவது 1887இல் பெர்லினில் அச்சான 'நோலி மீ தாங்கெரே'யும் 1891இல் கெண்ட் நகரில் அச்சான 'எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ'வும், ஸ்பெயின் அந்த நாட்டை ஆண்ட காலத்து ஸ்பானியப் பாதிரிகளின் அட்டகாசத்தைத் தோலுரித்தவை. கடைசியில் ஒரு சமரசம் செய்துகொண்டார்கள். நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று சத்தியம் செய்து எழுதிக்கொடுத்தால், நாவலை முழுசாகப் படிக்க வேண்டியதில்லை. பாடத்திலிருந்து மட்டும் தப்ப முடியாது. இதைக் கேட்டதும் எங்கள் வரிசையிலிருந்து ஒருவன், "மேடம், பிள்ளையார் பக்தனுக்கும் உண்டா?" என்றான். மேடத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் நாடகம். 'நோலி'யில் வரும் விருந்துக் காட்சி எங்கள் குழுவுக்கு விழுந்தது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய இபாராவுக்குத் தினோலாவில் நல்ல நல்ல துண்டுகளாக விழும். தமாசோ பாதிரியாருக்கோ கழுத்தும் இறக்கையும். கடுப்பில் அவர் காயை நசுக்கி, கரண்டியைத் தட்டில் 'டங்'கென்று போடுவார். தினோலா என்றால் இஞ்சி தட்டிப்போட்ட கோழிச் சாறு. தொந்தியும் குரலும் இருந்ததால் வேடம் எனக்கு. கரண்டியைப் போட்ட வேகத்தில் சாறு முழுக்க முன்வரிசை மேல். பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் அந்தப் புத்தகம் அந்த ஊரில் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று காட்டியது மேடம் இல்லை, எங்கள் போர்டிங் ஹவுஸ் அக்கா. அவரை 'ஆத்தே' என்போம். அங்கே அக்காவுக்கு அதுதான் சொல். நாங்கள் இரவு தாமதமாக வந்தால் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "கிறிஸ்பின்! பசிலியோ!" என்று தெருவே அதிரக் கூவுவார். திருடிவிட்டதாகப் பழி சுமத்தப்பட்ட தன் இரண்டு பிள்ளைகளைத் தேடிப் புத்தி பேதலித்து அலைகிறாளே, 'நோலி'யின் சிசா, அவளுடைய கூவல் அது. ஆத்தே ஹைஸ்கூலில் படித்ததில் நினைவிருந்தது அது ஒன்றுதானாம். முதலில் கிண்டல் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் கதையை முழுசாகச் சொல்லும்படி கேட்டேன். பாதியிலேயே அழுதுவிட்டார்.

அதன் பிறகுதான் நாவலைக் குறிப்பேட்டில் இல்லாமல் புத்தகத்தில் படித்தேன். இரண்டாவது நாவலில் அந்தப் பசிலியோ மருத்துவ மாணவனாக வருகிறான். ரிசாலே கண் மருத்துவர், பெற்ற தாயின் கண்ணுக்கே அறுவை செய்தவர். 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் ஸ்பானிய ஆட்சி அவரைச் சுட்டுக் கொன்றபோது வயது 35. அந்த வயதில் நான் இன்னும் மேற்படிப்புத் தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

ரிசால் பாடத்தில் நான் வாங்கிய மதிப்பெண்ணைச் சங்கச் செயலாளர் கேட்காமல் இருப்பது நல்லது. அடுத்த ஒன்றுகூடலில் தினோலா வைப்பதாகக் கேள்வி. கழுத்துத் துண்டை வேறு யாருக்காவது போடுங்கள்.