ஒரு கோடை தாண்டிய பிறகே அனிமோன்: தருமபுரித் தொட்டிக் குறிப்பு

நவம்பர்: கோமாளி மீன்களும், அவை குடியிருக்கும் பூப்போன்ற கடல் உயிரியான அனிமோனும் வளர்க்க ஒரு கடல்நீர்த் தொட்டி. 3 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. பாறையும் மணலும் போகத் தண்ணீர் சுமார் 160 லிட்டர். போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 900. இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்தது, ஆனால் தொட்டிக்குப் பெரிய தலைவலி கடினத்தன்மையும் நைட்ரேட்டும்தான். வீட்டு ஆர்ஓவில் வந்தது 45. அதுவும் போதாது, பின்னால் மிச்ச உப்பையும் உறிஞ்சும் டிஐ ரெசின் மாட்டிய பிறகுதான் 0 வந்தது.

உப்பு லிட்டருக்கு 36 கிராம், மொத்தம் 5.8 கிலோ. கடல் தொட்டிக்கென்றே விற்கும் உப்பு மட்டும், கல்லுப்பு ஆகாது. தண்ணீரில் உப்பைக் கொட்ட வேண்டும், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும். தண்ணீரைச் சுழற்றும் சிறு பம்பான பவர்ஹெட் ஒரு நாள் ஓடியபின், உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.026, அதாவது லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு.

ஜனவரி: மீனுக்கு விஷமான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0. பண்ணையில் பொரித்த ஒசெல்லாரிஸ் கோமாளி மீன் இரண்டு, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பெரியது பெண்ணாகும், ஒரே அளவில் வாங்கினால் யார் பெரியவர் என்று அடித்துக்கொள்ளும். நோய்க்குத் தாமிர மருந்து போடுவதானால் தனி வாளியில்தான். தாமிரம் அனிமோனைக் கொன்றுவிடும்.

ஏப்ரல், மே: அறை 36 டிகிரி, தொட்டி 30. தண்ணீர் மேல் இரண்டு சிறு ஃபேன் வைத்ததும் 27க்கு இறங்கியது. நம் ஊர்க் காற்று வறண்டது, அதனால் கடற்கரை ஊர்களைவிட இங்கே ஃபேன் நன்றாகவே வேலை செய்கிறது. அதற்குக் கொடுக்கும் விலை, தினம் 3 லிட்டர் ஆவியாகிப் போவது. உப்பு ஆவியாகாது, மூன்று நாள் ஊற்றாமல் விட்டால் உப்பு 35இலிருந்து 37க்கு ஏறும். ஈடுகட்ட ஊற்ற வேண்டியது டிஐ தாண்டி வந்த உப்பில்லாத தண்ணீர், உப்புத் தண்ணீர் அல்ல. மின்தடைக்குப் பவர்ஹெட் ஒன்றை இன்வெர்ட்டரில் போட்டாயிற்று. இந்த இரண்டு மாதத்தைத் தாண்டாத தொட்டியில் அனிமோன் வைப்பது அதைச் சாகடிப்பதற்குச் சமம்.

ஜூலை: பபுள் டிப் என்ற வகை அனிமோன் வந்தது. வாங்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று: பழுப்போ பச்சையோ நிறம் இருக்க வேண்டும் (பால் வெள்ளை என்றால் உள்ளிருக்கும் பாசி போய்விட்டது), வாய் இறுக மூடியிருக்க வேண்டும், அடிப்பாதத்தில் கிழிசல் கூடாது. பவர்ஹெட் தண்ணீர் இழுக்கும் வாயில் ஸ்பாஞ்ச் கட்டாமல் அனிமோனை இறக்காதீர்கள். இடம் பிடிக்காவிட்டால் இரவில் நகரும், பவர்ஹெட்டில் சிக்கினால் கூழாகும், அந்த அழுகல் மீன்களையும் கொண்டுபோகும். இங்கே நான்கு இரவு நகர்ந்து, பாறை இடுக்கில் பாதத்தைச் செருகி நின்றது. விளக்கு 30 சதவீதத்தில் தொடங்கி வாரம் பத்து ஏற்றம்.

ஒன்பது நாள் மீன்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பத்தாம் நாள் பெரியது வாலை மட்டும் உரசியது, வெடுக்கென்று விலகியது, மறுபடி வந்து வயிற்றை உரசியது. மாலைக்குள் முழு உடம்பும் உள்ளே. பிடித்துத் தள்ளிவிடத் தேவையே இல்லை.

அக்டோபர்: அனிமோனுக்கு வாரம் ஒருமுறை பட்டாணி அளவு சமைக்காத இறால். பெரிய துண்டு கொடுத்தால் மறுநாள் கக்கிவிடும். வாரம் 16 லிட்டர் தண்ணீர் மாற்றம், நைட்ரேட் 8. அனிமோன் பக்கத்தில் பூச்சில்லாத மண் ஓட்டுத் துண்டு ஒன்று மீன்கள் முட்டையிட வைத்திருக்கிறேன்; ஒரு வாரமாக இரண்டு மீன்களும் அதை வாயால் கொத்திச் சுத்தம் செய்கின்றன.