மஞ்சப்பைக்குள் இருந்த டெங்கு

2020 ஜூன் கடைசி. தெம்பனிஸில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்த டெங்குப் பதாகை ஒரே வாரத்தில் சிவப்பாக மாறியது. சிவப்பு என்றால் அந்த வட்டாரத்தில் பத்துப் பேருக்குக் குறையாமல் வந்துவிட்டது என்று கணக்கு. அந்த வருஷம் சிங்கப்பூரில் மொத்தம் 35,000 பேரைத் தாண்டியது. "தடுப்பூசி இருக்காமே, ரெண்டு பேரும் போட்டுக்கலாம்" என்று ஆரம்பித்து வைத்தது என் மனைவிதான். டெங்வாக்சியா என்ற அந்த ஊசி அப்போது இங்கே 12 வயதிலிருந்து 45 வரைக்கும்தான். எனக்கு 43. தள்ளிப்போட நேரமில்லை.

சட்டைக் கையை மடித்துவிட்டால் ஊசி போட்டுவிடுவார்கள் என்று நினைத்துப் போனேன். வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில், "இதுக்கு முன்னாடி டெங்கு வந்திருக்கணும், அப்பதான் போட முடியும்" என்றார்கள். வராதவனுக்குத்தானே தடுப்பூசி? இங்கே தலைகீழ். 2012இல் கடையநல்லூரில் காய்ச்சலில் கிடந்து, நிலவேம்புக் கசாயத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்ததைச் சொன்னேன். "பேப்பர் இருக்கா?" இல்லை. விரலில் குத்தி, ஒரு பிளாஸ்டிக் கிட்டில் சொட்டு விட்டார்கள். சி, எம், ஜி என்று மூன்று எழுத்து. கால் மணி நேரம் கழித்து சி பக்கத்தில் மட்டும் ஒரு கோடு. "உங்களுக்கு டெங்கு வந்ததே இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள்.

பன்னிரண்டு நாள் படுத்துக் கிடந்தவனிடம் சொல்கிற பேச்சா இது? வேறு ஒரு மருத்துவரிடம் போனேன். கிட்டின் பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டார். அது காய்ச்சலோடு வருகிறவர்களுக்கானது. ஐஜிஜி என்கிற, நோய் வந்துபோன பிறகும் ரத்தத்தில் தங்கும் எதிர்ப்புப் புரதம் மிக அதிகமாக இருந்தால்தான் அதில் ஜி கோடு தெரியும். அதாவது இரண்டாம் முறை டெங்கு வந்து படுத்திருக்கும்போது. எட்டு வருஷத்துக்கு முந்திய டெங்கு மிச்சம் வைத்த கொஞ்சம் ஐஜிஜியை அது கண்டுகொள்ளாது. நரம்பில் ரத்தம் எடுத்து, ஆய்வகத்தில் எலிசா முறையில் ஐஜிஜி பார்க்க வேண்டும் என்றார். எனக்கும் மனைவிக்கும் எடுத்தார்கள்.

எனக்கு பாசிட்டிவ். நான் எழுந்து நிற்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது: "மஞ்சள் காய்ச்சல் ஊசி, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி ஏதாவது போட்டிருக்கீங்களா?" லாகோஸில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவன் நான், மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை இன்னமும் பாஸ்போர்ட் உறைக்குள்தான் இருக்கிறது. டெங்கு, மஞ்சள் காய்ச்சல், ஜிக்கா எல்லாம் ஒரே குடும்பத்து வைரஸ்கள். ஒன்றுக்கு உண்டான ஐஜிஜி மற்றொன்றின் சோதனையிலும் ஒட்டிக்கொள்ளலாம். பாசிட்டிவ் சரிதான், எதனுடைய பாசிட்டிவ் என்பதுதான் சந்தேகம்.

அன்று ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஏல, எட்டு வருஷத்துக் காயிதத்த எங்கலே போயித் தேட?"

"அம்மா எதையும் தூரப்போட மாட்டாங்கல்லா, பாருக்கா."

மூன்றாம் நாள் வாட்ஸப்பில் படம் வந்தது. பீரோவுக்கு மேலே மஞ்சப்பைக்குள், ரேஷன் கார்டு நகலுக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவே இருந்ததாம். ஓரமெல்லாம் கசாயக் கறை. தட்டணு 38,000. அதற்குக் கீழே, என்எஸ்1 எலிசா: பாசிட்டிவ். என்எஸ்1 வைரஸே உண்டாக்குகிற புரதம். காய்ச்சலின் முதல் நாட்களில் ரத்தத்தில் அது இருந்தால் டெங்குதான், வேறு பேச்சில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர். இது ஒரே ஆள்தான் என்று விளக்க ஐந்து நிமிஷம் ஆனது. மருத்துவர் ஒப்புக்கொண்டார்.

மனைவி ஊட்டிக்காரி. அவளுக்கு ஐஜிஜி நெகட்டிவ். அவளுக்கு ஊசி இல்லை.

மருத்துவர் காகிதத்தில் நான்கு வட்டம் போட்டுக் காட்டினார். டெங்குவில் நான்கு வகை. ஒன்று வந்து போனால் அந்த வகைக்குப் பாதுகாப்பு. வேறு வகை வரும்போது பழைய ஐஜிஜி வைரஸைத் தடுக்காமல் செல்லுக்குள் போக வழிகாட்டியும் விடலாம். அதனால்தான் இரண்டாவது டெங்கு மோசமாகிற வாய்ப்பு அதிகம். டெங்குவே பார்க்காத உடம்பில் இந்த ஊசி போட்டால், அதையே முதல் டெங்கு மாதிரி எடுத்துக்கொள்கிறது. பிறகு கொசு கடித்து வருவது இரண்டாவதைப் போல ஆகிவிடுகிறது. பிலிப்பைன்ஸில் 2016இல் தொடங்கி எட்டு லட்சம் பிள்ளைகளுக்கு மேல் சோதனையில்லாமலே போட்டார்கள். 2017 நவம்பரில் தயாரித்த நிறுவனமே எச்சரித்ததும் திட்டம் நின்றது. மறு வருஷம் உலகச் சுகாதார நிறுவனம் முன்சோதனையைப் பரிந்துரைத்தது. (இப்போது அந்த ஊசியின் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பிறகு வந்த க்யூடெங்கா என்ற டெங்கு ஊசிக்கு ஐரோப்பாவில் இந்தச் சோதனை கேட்பதில்லை.)

நான் ஆறு மாத இடைவெளியில் மூன்று ஊசியும் போட்டு முடித்தேன்; மூன்றாவதுக்கு வயது 44. "ஏற்கெனவே கொசு கடிச்ச ஆளுக்குத்தான் மரியாதையா?" என்று மனைவி இன்னும் கேட்கிறாள். கறிவேப்பிலைத் தொட்டியின் தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டுகிற வேலை அன்றிலிருந்து என்னுடையது.