எண்ணூறு மீற்றரும் பீலிக்கரைப் பேச்சும்

800 மீற்றர் ஓட வரும் பிள்ளைகளிடம் நான் எப்போதும் இரண்டு நேரங்களைச் சொல்வேன். ஒன்று 2 நிமிடம் 3.20 செக்கன். 2023 இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் தருஷி கருணாரத்ன தங்கம் வென்ற நேரம் அது. கண்டி மாவட்டத்து வளல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரியில் படித்தவர் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். கண்டி எங்களுக்கு பஸ்ஸில் போய்வரும் தூரம்தானே. மற்றது 2 நிமிடம் 3.16 செக்கன். 2006 இல் டோஹாவில் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் ஓடி வெள்ளி எடுத்த நேரம். செங்கல் சூளையில் கூலி வேலை செய்த தாய் தகப்பனின் மகள். அந்த வெள்ளியை அவரிடமிருந்து பறித்துவிட்டார்கள்.

"ஏன் டீச்சர்?" என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்பாள்.

நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பித்து, பின்னேரங்களில் பிள்ளைகளை ஓடப் பழக்குவது என் வேலை. இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் வைத்திருப்பதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன்.

பெண்களுக்கென்று தனி ஓட்டம் எதற்கு என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தரம் 6 பிள்ளைகளை ஒன்றாக ஓட விட்டால் முன்னால் வருகிறவர்களில் பெண் பிள்ளைகளும் இருப்பார்கள். சில வருடங்களில் முதலாவதாக வருவதே பெண் பிள்ளைதான். அதே பிள்ளைகள் தரம் 9க்கு வந்த பிறகு பார்த்தால் எல்லாம் மாறியிருக்கும். பொடியன்களுக்குக் குரல் உடைந்து, தோள் அகன்று, கால் நீண்டிருக்கும். அவள் பயிற்சியை விடவில்லை. அவனைவிடக் கூடுதலாகத்தான் ஓடுகிறாள். ஆனாலும் எட்டிப் பிடிக்க முடியாது. பருவ வயதில் ஏறும் டெஸ்டோஸ்டெரோன் என்ற ஹோர்மோன் தசையையும் எலும்பையும் மட்டுமல்ல, இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபினையும் கூட்டிவிடுகிறது. உலகத் தர ஓட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான வித்தியாசம் 10 முதல் 12 சதவீதம் வரை வரும். அங்கே ஒரு கோடு போடாவிட்டால் எந்தப் பெண்ணும் இறுதிப் போட்டியில் நிற்க மாட்டாள். அதனால் கோடே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தருஷி போன்ற ஒருவர் வர வேண்டுமானால் அந்தக் கோடு இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் அதை எங்கே போடுவது, யார் போடுவது, எப்படிச் சொல்வது என்பதில் அறுபது வருடமாகத் தடுமாறுகிறார்கள். 1966 இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகளை உடையில்லாமல் வைத்தியர்கள் முன்னால் நடக்க வைத்தார்கள். அதன் பிறகு கன்னத்தின் உட்புறத்தில் சுரண்டி எடுத்த கலங்களில் குரோமோசோமைப் பார்க்கும் முறை வந்தது. அந்தச் சோதனையில் அகப்பட்டவர்தான் ஸ்பெயினின் தடைதாண்டல் வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டீனோ. 1985 இல் ஜப்பானின் கோபே நகரில் அவரைச் சோதித்து, வழக்கமாக ஆண்களுக்கு இருக்கும் ஒய் குரோமோசோம் அவருக்கு இருப்பதாகப் பிறகு சொன்னார்கள். பிறந்தது பெண்ணாக, வளர்ந்தது பெண்ணாக. அவருடைய உடல் டெஸ்டோஸ்டெரோனை ஏற்றுக்கொள்ளாத வகை. அது இரத்தத்தில் எவ்வளவு ஓடினாலும் தசைக்குப் போய்ச் சேராது. ஓட்டத்தில் அவருக்கு ஒரு சதத்துக்கும் இலாபமில்லை. ஆனால் செய்தி பத்திரிகைக்குப் போனது. உதவித்தொகை நின்றது, பதிவுகள் அழிக்கப்பட்டன, கல்யாணம் பேசி வைத்திருந்தவரும் விலகிப் போனார். போராடித்தான் 1988 இல் ஓடும் உரிமையைத் திரும்ப வாங்கினார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 8 பேர் இதே மாதிரிச் சோதனையில் அகப்பட்டார்கள். எட்டுப் பேரையுமே பிறகு போட்டியிட விட்டார்கள்.

1999 இல் ஒலிம்பிக் குழு எல்லாரையும் சோதிப்பதைக் கைவிட்டது. பதிலுக்கு, சந்தேகம் வந்தவரை மட்டும் சோதிப்பது என்றானது. இதைத்தான் நான் அதைவிட மோசமானது என்பேன். சந்தேகம் எதைப் பார்த்து வருகிறது? குரலைப் பார்த்து, நெஞ்சைப் பார்த்து, தாடையைப் பார்த்து. 2006 இல் சாந்தியைப் பெண்தானா என்று சோதித்தது அப்படித்தான். முடிவை அவருக்கு ஆறுதலாக விளக்கிச் சொல்ல ஒருவர் வருமுன்பே தொலைக்காட்சிகள் சொல்லிவிட்டன. அடுத்த வருடம் அவர் உயிரை விட முயன்றார். 2009 இல் பெர்லினில் தென்னாப்பிரிக்காவின் 18 வயது கஸ்டர் செமன்யா 800 மீற்றர் இறுதிப் போட்டிக்கு இறங்குமுன்பே அவர் சோதிக்கப்படும் செய்தி கசிந்துவிட்டது. 2014 இல் ஒடிசாவின் நெசவாளர் வீட்டுப் பிள்ளை, ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் என்பவரை கொமன்வெல்த் போட்டிக்குப் போக விடாமல் நிறுத்தினார்கள். அவர் வழக்குப் போட்டு, உடலில் இயற்கையாகவே டெஸ்டோஸ்டெரோன் கூடிய பெண்களைத் தடுத்த அந்த விதியையே 2015 இல் நிறுத்தி வைக்கச் செய்தார்.

எங்கள் வலயப் போட்டி ஒன்றிலும் இது நடந்தது. 18 வயதுக்குட்பட்ட பெண்கள் 800 மீற்றர். என்னிடம் ஓடிய பிள்ளைக்கு 16 வயது. நல்ல உயரம், கட்டையாக வெட்டிய முடி, கொஞ்சம் கனத்த குரல். அஞ்சலோட்டத்தில் அவள் ஓடியதைப் பார்த்த பிறகு எதிர்ப் பக்கத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. "அது பொம்பளப் புள்ளதானா, சரியா பாத்தீங்களா?" என்று ஒருவர் மைதானத்துக்கே கேட்கும்படி கேட்டார். ஒரு பொறுப்பாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "சும்மா பிரச்சினை வேணாம் டீச்சர், இன்னொரு டீச்சரோட பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் ஒருக்கா பாத்துட்டு வாங்களேன்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தகராறு முடிந்தால் போதும் என்று நினைத்தார். புடாபெஸ்டில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

முடியாது என்றேன். பாடசாலைப் போட்டிக்குப் பார்க்க வேண்டியது வயதும் பாடசாலையும். பிறப்பத்தாட்சிப் பத்திரம் கோப்பில் இருக்கிறது. அதற்கு மேலும் சந்தேகம் உள்ளவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும், வலயக் கல்விப் பணிமனைக்கு நானே கொண்டுபோகிறேன் என்றேன். யாரும் எழுதவில்லை. வாயால் சொல்வதற்கு இருக்கும் துணிச்சல் பேனையை எடுத்ததும் போய்விடுகிறது. இளம் ஆசிரியர்களுக்கு நான் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன்: எழுத்தில் கேளுங்கள்.

இவ்வளவும் நடக்கும்போது அவள் பத்தடி தள்ளிக் குந்தியிருந்தாள். இரவல் வாங்கிய ஸ்பைக், ஒரு சைஸ் பெரிது, நுனியில் பேப்பர் திணித்தது. லேஸைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் மறுபடி கட்டுவதுமாக இருந்தாள். ஓடினாள். கடைசி வளைவில் முன்னால் இரண்டு பேர். இடம் இருந்தது, மூச்சும் இருந்தது, எட்டி அடி வைத்தால் தாண்டிவிடலாம். வைக்கவில்லை. மூன்றாவதாக வந்தாள். முந்த முடியாமல் போவதற்கும் முந்தாமல் விடுவதற்கும் உள்ள வித்தியாசம் பழக்குகிறவளுக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்கு மாறி வந்து கேட்டாள்: "நான் இன்னும் பெரிய மனுசி ஆகலியே டீச்சர், அதனாலதான் அப்படிச் சொல்றாங்களா?"

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வளராதவர்களுக்கு இந்தக் கேள்வியின் பாரம் விளங்காது. எங்கள் பக்கம் ஒரு பிள்ளை பெரிய மனுசியானால் தோட்டத்துக்கே தெரியும். சடங்கு நடக்கும், ஸ்பீக்கர் கட்டுவார்கள், சீர் வரும். அப்படியென்றால் ஒரு வீட்டில் 16 வயதாகியும் சடங்கு நடக்கவில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலியில் குடத்தை வைத்துவிட்டுக் காத்திருக்கும்போது அதுதான் பேச்சு. மைதானத்தில் அன்றைக்குச் சத்தமாகக் கேட்கப்பட்டதை அவள் பீலிக்கரையில் மெதுவாகக் கேட்டுக்கேட்டுப் பழகியிருந்தாள்.

அவளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: பதினைந்து வயது தாண்டியும் வராவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஓட்டத்துக்காக இல்லை, உனக்காக. காரணம் பலது இருக்கலாம். சாப்பாடு போதாமல் கடுமையாக ஓடினாலும் தள்ளிப் போகும். பாடசாலையில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் ரொட்டியோடு ஓட வரும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். சிலருக்குப் பிறப்பிலேயே உடலின் அமைப்பு வேறாக இருக்கும். எதுவாக இருந்தாலும் நீ நீதான்.

அம்மா கொழுந்தெடுப்பவர். கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் விழாது, சம்பளம் போய்விடும். அவர் தயங்கியது அதற்காக மட்டுமில்லை. "அங்க சிங்களத்துல சொன்னா எனக்கு விளங்காது டீச்சர், நீங்களும் வாங்க" என்றார். போனேன். வைத்தியர் கனிவானவர், நேரம் எடுத்துப் பேசினார். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் கூட நின்று சொல்லித் தந்தார். அங்கே என்ன கண்டார்கள் என்பதை நான் எழுத மாட்டேன். கேட்ட சக ஆசிரியர்களிடமும் சொல்லவில்லை. அது அவளுடையது.

இப்போது உலக அளவில் விதி இன்னொரு தடவை மாறியிருக்கிறது. 2019 இல் செமன்யாவின் வழக்கில், டெஸ்டோஸ்டெரோனைக் குறைத்தால்தான் ஓடலாம் என்ற விதி பாகுபாடானதுதான், ஆனாலும் பெண்கள் பிரிவைக் காக்க அது தேவை என்று விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சுவிஸ் நீதிமன்றம் அவருடைய வழக்கை ஒழுங்காக ஆராயவில்லை என்று தீர்ப்பளித்தது. அதே வருடம் செப்டெம்பர் 1 முதல், உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் இறங்கும் எல்லாரும், கருவில் ஆண் உடலமைப்பைத் தொடங்கிவைக்கும் எஸ்ஆர்வை ஜீன் இருக்கிறதா என்று ஒரு தடவை சோதனை செய்ய வேண்டும் என்று உலகத் தடகள அமைப்பான வேர்ல்ட் அத்லெட்டிக்ஸ் கொண்டுவந்தது. கன்னத்திலிருந்தோ இரத்தத்திலிருந்தோ மாதிரி எடுக்கிறார்கள். இந்த ஜீனை 1990 இல் கண்டுபிடித்த குழுவில் இருந்த அண்ட்ரூ சின்க்ளேயரே இப்படிப் பயன்படுத்துவதை எதிர்க்கிறார். ஜீன் இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் அது சொல்லும், உடலில் அது என்ன செய்தது என்று சொல்லாது என்பது அவருடைய வாதம். டெஸ்டோஸ்டெரோனை முழுக்க ஏற்காத உடலுள்ளவர்களுக்கு விதியில் விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கைப் பெற இன்னும் பல பரிசோதனைகள், நிபுணர்கள், கடிதங்கள் வேண்டும். மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ உள்ள ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

எல்லாரையும் சோதிப்பதில் ஒரு நன்மை இருப்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படும் வேலை இல்லாமல் போகிறது. ஆனால் லயத்துப் பிள்ளை ஒருத்தி தேசிய அணி வரைக்கும் போய், சோதனை முடிந்து, காரணம் சொல்லாமல் திரும்பி வந்தால், அறிக்கையை எத்தனை பூட்டுப் போட்டுப் பூட்டி வைத்தாலும் பீலிக்கரை இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடும். இரகசியம் காப்போம் என்று விதியில் எழுதுகிறவர்கள் தனி அறையும் கதவும் உள்ள வாழ்க்கையை மனதில் வைத்து எழுதுகிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பமே இருக்கும் இடத்துக்கு அது போதாது.

அதனால் விளையாட்டுத்துறையில் இருப்பவர்களைச் சந்திக்கும் இடமெல்லாம் நான் கேட்பது இதைத்தான். பாடசாலை மட்டத்தில், எந்தப் போட்டியிலும், எவரும் ஒரு பிள்ளையின் உடம்பைப் பார்க்கவோ அதைப் பற்றி வாயால் முறையிடவோ கூடாது என்று சுற்றறிக்கையிலேயே எழுத வேண்டும். தேசிய குழாமில் சேர்க்கும்போது சோதனை தேவையென்றால், பெயர் பத்திரிகையில் வருமுன், பதக்கத்துக்கு முன், முதல் வேலையாக அதைச் செய்ய வேண்டும். வேண்டாம் என்று நினைக்கும் பிள்ளை யாருக்கும் காரணம் சொல்லாமல் விலகிப் போக அப்போது இடம் இருக்கும். சம்மதக் கடிதம் தமிழில் இருக்க வேண்டும். எங்கள் தாய்மார் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரும் கடிதங்களில் விளங்காமலே கையெழுத்து வைத்துப் பழகியவர்கள். இதில் அப்படி வைக்க விடக் கூடாது. கையெழுத்துக்கு முன் கேள்வி கேட்க ஒரு வைத்தியர் எதிரில் இருக்க வேண்டும். முடிவை அந்த வைத்தியரே பிள்ளையிடமும் தாயிடமும் சொல்ல வேண்டும், பிறகும் பல மாதம் அவர்கள் போய்ப் பேச ஒரு இடம் வேண்டும். பயிற்றுநருக்கு, அது நானாக இருந்தாலும், பிள்ளை விரும்பினால் மட்டும் தெரிந்தால் போதும்.