ஓங்கிலை டால்பின் என்று திருத்திய டீச்சர்

நான் பிறந்து வளர்ந்தது சிவகங்கைப் பக்கம். கண்மாய் நிறைந்து கிடந்தால் அதையே கடல் என்று நினைத்தவள். அப்படிப்பட்டவளுக்கு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரை ஒட்டிய ஒரு மீனவ ஊரில், தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. போன புதிதில் ஆர்வக்கோளாறு வேறு. மதுரையிலிருந்து "கடல்வாழ் உயிரினங்கள்" என்று ஒரு பெரிய சார்ட் வாங்கிவந்து ஐந்தாம் வகுப்புச் சுவரில் ஒட்டினேன். நீலத் திமிங்கிலம், பென்குயின், பனிக்கரடி (அதுவும் சேர்த்தியாம்) எல்லாம் பளபளவென்று இருந்தன. டால்பின் மேல் குச்சியை வைத்து இது என்ன என்று கேட்டதும் வகுப்பே சேர்ந்து "ஓங்கில்!" என்று கத்தியது. நான் "இல்லை, டால்பின்" என்று திருத்தினேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அப்பாவோடு வத்தை என்கிற சின்னப் படகில் போய் ஓங்கில் துள்ளுவதை நேரில் பார்த்த பிள்ளைகள் அவர்கள், நான் டிவியில் மட்டும் பார்த்தவள்.

அன்றைக்கே சார்ட்டைக் கழற்றிவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் ஆறு மாதம் அது அப்படியே தொங்கியது. அப்புறம்தான் ஒரு நீள நோட்டுப் போட்டு, வீட்டில் கேட்டு ஆளுக்கு ஒரு பெயர் கொண்டுவாருங்கள் என்றேன். நெத்திலி, சூடை, காரல், முரல், ஓரா, விளமீன் என்று முதல் நாளே இரண்டு பக்கம் நிறைந்தது. ஆமை என்று நான் ஒற்றைச் சொல்லில் முடித்ததை அவர்கள் பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை என்று பிரித்தார்கள். காற்றுக்கும் பெயர், நீரோட்டத்துக்கும் பெயர். நீரோட்டத்தைக் குறிக்கும் நீவாடு என்ற சொல்லையே நான் அந்த நோட்டில்தான் முதலில் பார்த்தேன்.

கடற்பாசிப் பாடத்தை நான் நடத்தவே இல்லை, நான்காம் வகுப்புப் பெண் ஒருத்திதான் நடத்தினாள். அவள் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். ஒரு வாளியில் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை மூன்றையும் கொண்டுவந்து தரையில் பரப்பி, எது எங்கே பாறையில் ஒட்டியிருக்கும், எதை எப்படிப் பிய்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் சேர்த்தது ஒன்றே ஒன்றுதான். கரையில் ஒதுங்கிய கடற்புல்லை எடுத்துக் காட்டி, இது பாசி இல்லை, புல், இதற்கு வேர் உண்டு, பூக்கவும் செய்யும் என்றேன். கடலுக்குள் பூவா என்று யாரும் நம்பவில்லை. நம்பாதது நல்லதுதான், வேரைத் தேடி அரை மணி நேரம் நோண்டினார்கள். அந்தப் புல்லைத் தின்றுதான் ஆவுளியா வாழ்கிறது. ஆவுளியா என்பது நாம் கடல் பசு என்று சொல்வது. ஒரு நாளைக்கு 40 கிலோ வரை தின்னும் என்றதும் கணக்குப் பாடம் தானாக வந்துவிட்டது. மாதத்துக்கு 1,200 கிலோ. "எங்க வீட்டு ஆடு தேவலாம் டீச்சர்" என்றான் ஒருவன். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுவுக்கான காப்பகமாக 2022-இல் தமிழக அரசு அறிவித்ததை அப்போது சொன்னேன். அந்த எண் அவர்கள் மண்டையில் ஏறவில்லை, ஆட்டுக் கணக்குத்தான் நின்றது.

தீவு மூழ்கிய கதையைச் சொல்ல மட்டும் கொஞ்சம் மெனக்கெட்டேன். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21. 1986-இல் தேசியப் பூங்காவானவை. அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் இப்போது தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஆள் இல்லாமல் மணல் கரைந்துபோனது முக்கியக் காரணம். இதை வாயால் சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்? சத்துணவுக் கூடத்து அக்காவிடம் இரண்டு தாம்பாளம் கடன் வாங்கி, இரண்டிலும் மணல் மேடு வைத்து, ஒன்றில் மட்டும் மேட்டைச் சுற்றி ஓட்டுச்சில்லு அடுக்கி, தண்ணீர் ஊற்றிப் பரீட்சை அட்டையால் அலை அடிக்கச் சொன்னேன். சில்லு இல்லாத தீவு முதலில் கரைந்தது. அடுத்த நிமிடம் மற்றதும் கரைந்தது, ஏனென்றால் அடித்தவன் வெறியோடு அடித்தான். "இது புயல் டீச்சர்" என்றான். சரி, அதுவும் நியாயம்தானே.

அந்த வருஷம் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போனபோது, 1964 புயலில் சிதைந்த சர்ச் சுவரைக் கிட்டே போய்ப் பார்க்கச் சொன்னேன். கல்லில் பூப்பூவாகக் கோலம் தெரிந்தது. பவளக்கல். தொட்டுப் பார்த்த ஒரு சிறுமி, "அப்ப இதுவும் ஒரு காலத்துல உசுரோட இருந்துச்சா?" என்று கேட்டாள். மற்றவர்கள் ஐஸ் வண்டியைப் பார்த்து ஓடிவிட்டார்கள்.

பிளாஸ்டிக் விஷயத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு. பாட்டில் போடாதே, பை போடாதே என்ற போஸ்டர்தான் எல்லாப் பள்ளிக்கும் வருகிறது. எங்கள் கரையில் பிள்ளைகளை விட்டுப் பொறுக்கச் சொன்னால் பையைவிட அதிகம் சேர்வது அறுந்த வலையும் நைலான் கயிறும் தெர்மாகோலும்தான். அதை யார் போட்டது என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேருடைய அப்பா. ஒன்பது வயதுப் பிள்ளை முன்னால் அவன் அப்பாவைக் குற்றவாளியாக நிறுத்திவிட்டு என்ன பாடம் நடத்துவது? அதனால் வேப்பமரத்தடியில் குழி வெட்டி தங்கூசி (நைலான் நரம்பு) வலைத்துண்டு, தேங்காய் நார், பருத்தி நூல் மூன்றையும் ஜூன் மாதம் புதைத்தோம். பொங்கல் முடிந்து தோண்டினால் நூலைக் காணவில்லை, நார் கறுத்துப் பொடியாகியிருந்தது, தங்கூசி மட்டும் நேற்று வாங்கினது போல மின்னியது. வேடிக்கை பார்க்க வந்த ஒரு தாத்தா சிரித்துவிட்டுச் சொன்னார், "எங்க காலத்துல பருத்தி வலைதான் தாயி. மரப்பட்டைச் சாயம் ஏத்தணும், தினம் காயவைக்கணும், ஒருநாள் விட்டா மக்கிப்போவும். நைலான் வந்த பொறவுதான் எங்களுக்கு மூச்சு வந்துச்சு." பிள்ளைகள் இரண்டையும் கேட்டார்கள். எனக்கு அதுவே போதும். இப்போது வகுப்பு மூலையில் ஒரு சாக்கு இருக்கிறது, வலைத்துண்டு கிடைத்தால் அதில் போடுவார்கள்.

எல்லாவற்றிலும் கஷ்டமான பாடம் கடல் அட்டை. மணலைத் தின்று, அதிலிருக்கிற அழுக்கைச் செரித்து, சுத்தமான மணலைப் பின்னால் விடுகிற பிராணி. "மண்புழு மாதிரி" என்று ஒருத்தி சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. 2001-லிருந்து அட்டை பிடிக்கத் தடை, புலி இருந்த அதே பட்டியலில் அட்டையையும் அப்போது சேர்த்தார்கள் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போனேன். ஒரு பையன் மட்டும் தலையைத் தூக்கவே இல்லை. இடைவேளையில் அவன் பக்கத்தில் இருந்தவன் வந்து காதில் சொன்னான், இவன் மாமாவை அட்டைக் கேஸில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று.

மறுநாள் அந்தப் பாடத்தை மாற்றி நடத்தினேன். தடை வருவதற்கு முன்னால் எத்தனை குடும்பங்கள் அட்டை குளித்து, அதாவது கடலில் மூழ்கி அட்டை எடுத்துப் பிழைத்தன, அவித்துக் காயவைத்த அட்டை எந்தெந்த நாட்டுக்குப் போனது, எவ்வளவு விலை என்பதால் கடலில் குறைந்தது என்று ஆரம்பித்தேன். அவன் மெதுவாகத் தலையைத் தூக்கினான். கடைசியில் அவனே கேட்டான்: "அந்தப் பக்கம் இலங்கையில அட்டை வளக்கலாமாமே, லைசென்ஸ் குடுக்கிறாங்களாமே, இங்க மட்டும் ஏன் பிடிக்கிறாங்க?" அது வேறு நாடு, வேறு சட்டம் என்றேன். "கடல் ஒண்ணுதானே டீச்சர்." அவனை உட்காரச் சொல்ல மனம் வரவில்லை. பெரியவர்களே இதற்காக மனுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கேள்வியை எழுதிவைத்திருக்கிறோம். மண்டபம் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கூட்டிப்போகும்போது அங்கே இருப்பவர்களிடம் கேட்பதற்கான பக்கம் அது. இதுவரை பதினொரு கேள்வி சேர்ந்திருக்கிறது. ஆவுளியா மூச்சுவிட மேலே வந்துதான் ஆக வேண்டும் என்று சொன்ன அன்று, அக்காவோடு ஒட்டிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்த இரண்டாம் வகுப்புக் குட்டி ஒன்று எழுதச் சொன்னதுதான் கடைசிக் கேள்வி: "அது தூங்கிருச்சுன்னா மூச்சுவிட யாரு எழுப்புவா?"