தெருப் பலகை வைத்த படிக்கட்டுகள்

பிட்ஸ்பர்க்குக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் பெருமாளைச் சேவித்து, கோயில் கேன்டீனில் புளியோதரை சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். பென் ஹில்ஸ் குன்றின்மேல் 1976-இல் எழுந்த வெங்கடேஸ்வரர் கோயில்தான் அமெரிக்கத் தமிழர்களுக்கு இந்த ஊரின் அடையாளம். நானும் பக்கத்திலேயே ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். கோயில், அலுவலகம், மளிகைக் கடை தவிர இந்த நகரத்தில் எதையும் நான் கால்நடையாகப் பார்த்ததில்லை என்பது போன அக்டோபரில்தான் உறைத்தது.

அலுவலகத் தோழி ஒருவர் கூப்பிட்டார்: "சனிக்கிழமை சவுத் சைடு ஸ்லோப்ஸ் படிகளில் நடக்கிறோம், வாங்க." நகரின் தென்பகுதியில் குன்றுச் சரிவிலுள்ள குடியிருப்பு அது. மலையேற்றமா என்று கேட்டேன். "இல்லை, தெருவில்தான் நடக்கிறோம்" என்றார். அவர் சொன்னது அப்போது எனக்குப் புரியவில்லை.

காலை எட்டரைக்கு ஈஸ்ட் கார்சன் தெருவில் பன்னிரண்டு பேர் கூடினோம். என் மனைவியின் தம்பியும் வந்திருந்தான். எங்களை அழைத்துப்போனவர் எழுபதைத் தொடும் ஓய்வுபெற்ற ஆசிரியை. இந்தச் சரிவிலேயே பிறந்து வளர்ந்தவர். இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மேப்பிள் இலைகள் நடைபாதையில் ஒட்டிக் கிடந்தன.

இந்த ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். அலிகெனி, மொனோங்கஹீலா என்று இரண்டு ஆறுகள் கூடி ஓஹியோவாக ஓடுகின்றன. ஆற்றை ஒட்டிச் சமதரை கொஞ்சம்தான். அதற்கு அப்பால் உடனே குன்று செங்குத்தாக எழும். இருந்த சமதரையை இரும்பாலைகளும் தண்டவாளங்களும் எடுத்துக்கொண்டன. ஜெர்மனி, போலந்து, லித்துவேனியா, ஸ்லோவாக்கியா என்று எங்கெங்கிருந்தோ வேலை தேடி வந்தவர்கள் சரிவில் வீடு கட்டினார்கள். வேலைக்கு நடந்துதான் போக வேண்டும். அதனால் முதலில் மரப்படிகள், பிறகு கான்கிரீட் படிகள். இன்று நகரம் முழுக்க 700-க்கும் மேற்பட்ட பொதுப் படிக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பல, நகராட்சிக் கணக்கில் தெருக்கள்.

பயஸ் தெருவிலிருந்து ஏறும் 'யார்ட் வே'யில்தான் அது எனக்குக் கண்ணால் தெரிந்தது. மற்ற தெருமுனைகளில் இருக்கும் அதே பெயர்ப்பலகை இங்கும் கம்பத்தில் இருக்கிறது. ஆனால் அதன் கீழே சாலை இல்லை, படிகள். இருபுறமும் வீடுகள், வீட்டு எண்கள், தபால் பெட்டிகள், ஜன்னலோரம் பூந்தொட்டிகள். வாசற்கதவைத் திறந்தால் நேரே படியில்தான் கால் வைக்க வேண்டும்.

"அத்தான், இவங்க வீட்டுக்கு ஃபிரிட்ஜ் எப்படி வந்திருக்கும்?" என்றான் மச்சான்.

அந்தக் கேள்வியை ஆசிரியையிடம் கேட்டேன். நான்கு ஆண்கள், இரண்டு பட்டைக்கயிறு, ஒரு முழு மதியம் என்றார். அவர் வீட்டுக்கு அடுப்பு வந்த கதையும் அதுதானாம்.

ஏறுவது கடினம்தான், ஆனால் மூச்சு வாங்குவதோடு போய்விடும். சிரமம் வேறு இடத்தில் இருந்தது. இந்தப் படிகள் ஒரே உயரத்தில் இல்லை. பத்துப் படி சீராகப் போகும், பதினோராவது படி ஒரு சாண் கூடுதலாக இருக்கும். நூறு படிக்கு மேல் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. திருமலைக்கு அலிபிரி வழியாக நடந்து ஏறியிருக்கிறேன்; அங்கே ஒருமுறை ஏறினால் ஏறியதுதான். இங்கே ஏறி முடித்ததும் அடுத்த தெருவில் இறங்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். இறங்கும்போது ஈர இலைகள் வழுக்கின. வாசலில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "இன்னைக்கு ஸ்லிப்பியா இருக்கு, கம்பியைப் பிடிச்சுக்குங்க" என்று எச்சரித்தார். வழுக்குவதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் வார்த்தை அது. பக்கவாட்டில் திரும்பி, முழுப் பாதமும் படியில் பதியும்படி இறங்கச் சொல்லிக்கொடுத்தார் ஆசிரியை. அதற்கப்புறம்தான் என் முழங்கால் கொஞ்சம் அடங்கியது.

மூன்றாவது ஏற்றத்தில் எங்களில் ஒரு அம்மாவுக்குத் தலை சுற்றியது. எல்லோரும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டோம். தண்ணீர், கடலை மிட்டாய், ஆரஞ்சுச் சுளை என்று ஆளாளுக்குப் பையைத் திறந்தார்கள். கால் மணி நேரம் யாரும் அவசரப்படுத்தவில்லை. அவர் எழுந்ததும் அவருடைய வேகமே பன்னிரண்டு பேரின் வேகமாயிற்று.

உச்சிக்குப் போனபோது மணி பதினொன்றரை. மூடுபனி விலகி ஆறு தெரிந்தது. ஆசிரியை கையை நீட்டிக் காட்டினார். கீழே கடைகளும் உணவகங்களும் அடுக்குமாடிகளும் நிற்கும் இடம்தான் ஜோன்ஸ் அண்ட் லாஃப்லின் இரும்பாலை இருந்த இடம். அங்கிருந்து ஆற்றைக் கடக்கும் பாலத்தின் பெயர் இன்றும் 'ஹாட் மெட்டல் பிரிட்ஜ்'. அக்கரை உலைகளில் உருகிய இரும்பை ரயில் பெட்டியில் ஏற்றி இக்கரைக்குக் கொண்டுவந்த பாலம். இப்போது அதில் கார்களும் சைக்கிள்களும் போகின்றன.

"என் அப்பா இந்தப் படியில்தான் ஷிப்டுக்கு இறங்குவார்" என்றார் அவர். அவருடைய அம்மாவின் காலத்தில் புகையால் நடுப்பகலில் தெருவிளக்கு எரியுமாம். துவைத்துக் காயப்போட்ட திரைச்சீலையை மறுபடி துவைக்க வேண்டியிருக்குமாம். பத்து மணி நேரம் உலைக்கு முன் நின்றுவிட்டு இத்தனை படி ஏறி வீட்டுக்கு வந்த மனிதரை நினைத்துக்கொண்டேன். நாங்கள் காலணி, கைத்தடி, தண்ணீர் பாட்டிலோடு ஏறிய அதே படி.

அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒருவர் டப்பாவில் பியரோகி கொண்டுவந்திருந்தார். சோமாசி வடிவத்தில், உள்ளே உருளைக்கிழங்கு வைத்து வேகவைத்து, வெங்காயத்தோடு வெண்ணெயில் வதக்கியது. போலந்துக்காரர்கள் கொண்டுவந்து இன்று இந்த ஊர்ச் சாப்பாடாகவே ஆகிவிட்ட பண்டம். என் மனைவி கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தை ஆசிரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஒரு படிக்கட்டின் குறுக்கே தடுப்பு வைத்திருந்தது. உள்ளே கான்கிரீட் உடைந்து கம்பி தெரிந்தது, செடி முளைத்திருந்தது. நாங்கள் சாலை வழியாகச் சுற்றிப்போக இருபது நிமிடம் ஆயிற்று. எங்களுக்கு அது ஒரு நாள் சுற்று. கார் இல்லாத வீட்டுக்கு, பேருந்து நிறுத்தம் தினமும் இருபது நிமிடம் தள்ளிப்போகிறது. இத்தனை படிகளையும் பழுதுபார்க்கப் பெரும் பணம் வேண்டும் என்பது புரிகிறது. இருந்தாலும் பழுதுபார்க்கும் வரிசையில் மக்கள் நடக்கும் படி முதலில் வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மச்சான் 1,412 வரை எண்ணி, அப்புறம் விட்டுவிட்டான். ஆற்றுக்கு வடக்கே ஃபைன்வியூ பகுதியில் ரைசிங் மெயின் என்ற படிக்கட்டு ஒன்றே 371 படி என்று கேள்விப்பட்டதும், "அடுத்த மாசம் அங்க போலாம் அத்தான்" என்றான். போகத்தான் வேண்டும்.

கடைசி இறக்கத்தில் கீழேயிருந்து ஒரு பெண் ஏறி வந்தார். செவிலியர் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, ஒரு கையில் பால் கேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறார். நாங்கள் பன்னிரண்டு பேரும் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டோம். அவர் நன்றி சொல்லிவிட்டு, கம்பியைத் தொடாமல், உயரமான அந்தப் பதினோராவது படியில் மட்டும் காலைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கி வைத்து ஏறிப்போனார்.