கையை விட்டுப் போகாத டார்ட்

14 அக்டோபர் 2025, செவ்வாய்

பால் வாங்கிக்கொண்டு மாடியேறினால் அக்கா மகள் போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டுகிறாள். "மாமா, லிட்லர் அவுட்!"

டார்ட்ஸ் செய்தி, அதாவது கூரான குட்டி அம்பை வட்டப் போர்டில் எறிகிற ஆட்டம். நேற்று இங்கிலாந்தில் விகன் ஊரில் பி.டி.சி. என்கிற தொழில்முறை டார்ட்ஸ் அமைப்பின் உலக இளையோர் சாம்பியன்ஷிப் அரையிறுதி. லூக் லிட்லர் இந்த ஜனவரியில்தான், 17 வயதில், பெரியவர்களின் உலகப் பட்டத்தையே வாங்கியவன். அவனை போ கிரீவ்ஸ் என்கிற 21 வயதுப் பெண் 6-5 என்று தோற்கடித்துவிட்டாள். ஆணும் பெண்ணும் ஒரே பட்டியலில் ஆடுகிற போட்டி இது. இறுதி ஆட்டம் வரை ஒரு பெண் வருவது இதுவே முதல் தடவை. நவம்பர் 23இல் அவள் மோதப்போவது போன வருஷத்துச் சாம்பியன் கியான் வான் வீனோடு, நெதர்லாந்துக்காரர்.

எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு, அக்கா மகளுக்கு, 16 வயது. அவளுக்கும் நவம்பர் 30இல் இங்கே பெங்களூரிலேயே ஒரு இளையோர் டார்ட்ஸ் தேர்வுப் போட்டி இருக்கிறது. இன்றைக்கு ஸ்கூலுக்குப் போகிற வரை "6-5, 6-5" என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே திரிந்தாள்.

16 அக்டோபர், வியாழன்

போர்டைப் பற்றி எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் அதை மாட்டியது நான். அல்சூரில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளவாக்கில் இருக்கும். பின்கதவுப் பக்கச் சுவரில் போர்டு. நடுப்புள்ளி தரையிலிருந்து 173 செ.மீ. எறிகிற கோடு போர்டின் முகத்திலிருந்து 237 செ.மீ. டேப் வைத்து அளந்தால் கோடு சரியாகச் சமையலறை நிலைப்படி மேல் வந்து விழுந்தது. "நிலைப்படியில நிக்கக் கூடாதுடி, வீட்டுக்கு ஆகாது" என்று ஆயா பிடித்த பிடியில் நின்றாள். பிளைவுட் கடையில் வேலை செய்வது அன்றைக்குத்தான் உருப்படியாக உதவியது. நான்கு விரற்கடைக்குப் பலகைகளை அடுக்கி போர்டை முன்னால் தள்ளினேன், கோடு நிலைப்படிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. நிலைப்படியும் பிழைத்தது, சுவரும் பிழைத்தது.

போர்டு கற்றாழை நாரில் செய்தது. குத்துப்பட்ட ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். எண்ணை இரட்டிப்பாக்கும் ஓரத்து டபுள் வளையத்தின் அகலம் 8 மில்லிமீட்டர்தான், பென்சில் தடிமனை விடக் கொஞ்சம் கூட. எட்டடிக்கு ஏறக்குறைய மூன்றங்குலம் குறைவான தூரத்திலிருந்து ஒரு பென்சிலைக் குத்துவதுதான் மொத்த விளையாட்டும்.

19 அக்டோபர், ஞாயிறு

ஆயாதான் எங்கள் ஸ்கோரர். இருபத்தைந்து வருஷம் அல்சூர் மார்க்கெட்டில் கீரை விற்ற கை. 501இல் தொடங்கிக் கழித்துக்கொண்டே வரவேண்டும், கடைசி டார்ட் டபுளில் விழுந்து கணக்கு சுத்தமாகப் பூஜ்யம் ஆகவேண்டும். அதுதான் ஒரு 'லெக்'. அக்கா மகள் ஒரு சுற்றின் மூன்று டார்ட்டில் 137 அடித்துவிட்டு விரலை மடக்குவதற்குள் ஆயா வெற்றிலையை மென்றபடி "முந்நூத்தி அறுபத்தி நாலு" என்பாள்.

ஆரம்பத்தில் 'பஸ்ட்' மட்டும் ஆயாவுக்குப் பிடிபடவில்லை. இருப்பதை விடக் கூட அடித்தால் அந்தச் சுற்றே செல்லாது, பழைய பாக்கிக்கே திரும்பவேண்டும். "எட்டு ரூபா பாக்கிக்குப் பத்து ரூபா நோட்டு நீட்டினா நான் வாங்க மாட்டேன், சரியான சில்லறை வேணும்" என்று இவள் விளக்கிய பிறகு ஒப்புக்கொண்டாள். நடுப்புள்ளியை 'புல்' என்றால் மட்டும் இன்னமும் "எந்தப் புல்லுடி?" என்று கேட்கிறாள்.

ஆயாவுக்குப் பிடித்த எண் 32. டபுள் 16 தவறி ஒற்றை 16 விழுந்தால் மிச்சம் 16, அதற்கு டபுள் 8. அப்புறம் 8, 4, 2 என்று பாதி பாதியாக இறங்கும். 40 அப்படி இல்லை. 20, 10 என்று வந்து 5இல் முட்டிக்கொள்ளும்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. மழை. போர்டு பக்கம் யாரும் போகவில்லை. அதிரசம் கொஞ்சம் கருகிவிட்டது.

27 அக்டோபர், திங்கள்

நேற்று வான் வீன் ஜெர்மனியில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் பட்டத்தை வென்றுவிட்டார், இறுதியில் லூக் ஹம்ஃப்ரீஸை 11-10. அதைப் பற்றி நானாகத்தான் பேச்சை எடுத்தேன். இவள் பதிலே சொல்லவில்லை.

மூன்று நாளாக நடப்பதை இன்றைக்குத்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கை கன்னத்துப் பக்கம் வருகிறது, மணிக்கட்டு மடங்குகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. கட்டை விரல் நகம் வெளுக்கும் அளவுக்கு டார்ட்டை அழுத்திக்கொண்டிருக்கிறாள். மறுபடி முன்னால், மறுபடி பின்னால். ஐந்தாவது முறை விடுகிறாள், அது பலகையில் போய்க் குத்துகிறது. "விரல் திறக்க மாட்டேங்குது மாமா."

"கண்ணு பட்டிருக்கு" என்று ஆயா மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். வீடே இருமியது.

29 அக்டோபர், புதன்

இதற்கு ஒரு பெயரே இருக்கிறது: டார்டைடிஸ். ஐந்து தடவை உலகச் சாம்பியனான எரிக் பிரிஸ்டோவையே 1980களில் ஆட்டிவைத்தது. கைக்கு எந்தக் கோளாறும் இருக்காது, விடு என்கிற உத்தரவுதான் விரலுக்குப் போய்ச் சேராது.

படித்துக்கொண்டே போனால் இன்னொன்று கிடைத்தது. வான் வீனுக்கும் இது வந்திருக்கிறது, கிரீவ்ஸுக்கும் வந்திருக்கிறது. இரண்டு பேருமே வெளிப்படையாகச் சொன்னதுதான். அதாவது நவம்பர் 23இல் மோதப்போகிற இரண்டு கையுமே ஒரு காலத்தில் மக்கர் செய்த கை! இவளிடம் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு "எப்படிச் சரியாச்சாம்?" என்றாள். ஒரே மருந்து என்று எதுவும் இல்லை என்பதைத்தான் சொல்ல முடிந்தது.

மளிகைக் கடை காலண்டரில் தினமும் எத்தனை தடவை கை நின்றது என்று எழுதுவதாக முடிவு. இன்று 41.

9 நவம்பர், ஞாயிறு

ஏரிக்கரையில் நடந்து, திருவள்ளுவர் சிலை வரை போய்த் திரும்பினோம். வழியெல்லாம் கல் பொறுக்கித் தண்ணீரில் எறிந்தாள். ஒன்றுகூட நிற்கவில்லை. கல்லுக்கு விரிகிற விரல் டார்ட்டுக்கு மட்டும் ஏன் விரிய மாட்டேன் என்கிறது?

கோச் ஒருவர், பெயர் வேண்டாம், "பொண்ணுங்களுக்கு டென்ஷன் அதிகம்" என்றாராம். பிரிஸ்டோ என்ன பொண்ணா? கேட்க வாய் வரை வந்தது. தேர்வு முடியட்டும்.

காலண்டரில் 26.

24 நவம்பர், திங்கள்

தூக்கமில்லாத கண்ணோடு எழுதுகிறேன். இறுதி ஆட்டம் இங்கிலாந்தின் மைன்ஹெட் ஊரில். நமக்கு நடு ராத்திரி தாண்டிவிட்டது. படம் வரவில்லை, எண் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. ஒரே கம்பளிக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணைப் பார்த்தோம். நான் தூங்கிவிட்டேன். 5-5 வந்ததும் உலுக்கி எழுப்பினாள். வான் வீன் 6-5.

அழுவாள் என்று நினைத்தேன். "பதினோரு லெக் மாமா. அத்தனை டார்ட்டையும் ரெண்டு பேரும் விட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

30 நவம்பர், ஞாயிறு

தேர்வு. ஆயாவும் வந்தே தீருவேன் என்று பட்டுப்புடவையில் வந்தாள். முதல் ஆட்டம் சுலபமாக முடிந்தது. இரண்டாவதில் எதிரே உயரமான பையன், மளமளவென்று அடிக்கிறான். இவளுக்கு ஒரு லெக்கில் மிச்சம் 32. இரண்டு டார்ட் வெளியே. மூன்றாவதுக்குக் கை கன்னத்துப் பக்கம் போய் நின்றது. நின்றது நின்றபடி. ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும்.

பின் வரிசையிலிருந்து ஆயா, "முப்பத்தி ரெண்டுடி, சில்லறையை எடு!"

நடுவர் திரும்பி முறைத்தார், யாரோ சிரித்தார்கள். டார்ட் போய்க் கம்பியில் பட்டுக் கீழே விழுந்தது. அடுத்த சுற்றில் அந்தப் பையன் முடித்துவிட்டான். மொத்தத்தில் 3-1, தோல்வி. பஸ்ஸில் பூரி உருளைக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டே வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் பேனாவோடு காலண்டர் முன்னால் நின்றாள். நான் ஐந்து என்றேன். ஆயா ஆறு என்றாள், முதல் ஆட்டத்தில் நீ டீ வாங்கப் போனபோது ஒன்று என்று. ஆயா கணக்கு தப்பாது. ஆறு என்றே எழுதினாள்.