மானாவாரித் தீவு

நாளை கோவையிலிருந்து விமானம். இனி கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவில், ஒரு விடுதியின் சமையலறையில் வேலை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் அங்கே கூட்டம். குளிர்காலத்தில் பெரும்பாலான விடுதிகள் மூடிவிடும். அந்த மாதங்களுக்கும் சேர்த்துத்தான் சம்பளத்தில் மிச்சம் பிடிக்க வேண்டும்.

காங்கேயத்துத் தோட்டத்தில் அம்மாவின் அப்பாவான அப்பிச்சியிடம் சொன்னேன்: அது எரிமலை மண், மழை குறைவு, தக்காளியைக்கூடத் தண்ணீர் பாய்ச்சாமல் விளைவிக்கிறார்கள், காற்றுக்குத் தப்பத் திராட்சைக் கொடியைக் கூடைபோலத் தரையோடு சுற்றி வளர்க்கிறார்கள். ஆயுள் முழுவதும் மழையை மட்டுமே நம்பிய மானாவாரியில் கம்பும் சோளமும் விதைத்தவர் அவர். இத்தனை நாள் வாடியிருந்த முகம் தெளிந்தது. "அப்படியானால் நம் ஊர் மாதிரிதான், போய் வா கண்ணு" என்றார்.

அம்மிச்சி இடித்துக் கொடுத்த கொள்ளுப் பொடி டப்பா பெட்டியில் அடியில் இருக்கிறது. மூடி கழன்றுவிடாமல் மூன்று சுற்று நூல் சுற்றியிருக்கிறார்.